சிவப்புத் தெரு

ஜூன் 3
புதிய வெள்ள வரைபடத்தைச் சமூகக் கூடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மக்கள் கருத்துச் சொல்லலாமாம். எங்கள் தெரு முழுக்கச் சிவப்பு. ஆறு பெருகினால் முதல் எச்சரிக்கையும் ஆட்களை ஏற்றிப்போகும் முதல் வண்டியும் சிவப்புக்குத்தான். ஆனால் புதிதாக மாடி கட்ட அனுமதி கிடையாது. என் வீட்டுக்காரர் கடைசி வரியை மட்டும்தான் படித்தார். தெருச் சங்கச் செயலாளர் ஆயிற்றே! “மஞ்சளா மாத்தாம விடமாட்டேன்” என்று குதிக்கிறார். மஞ்சளுக்கு மாடி கட்டலாம்; எச்சரிக்கையும் வண்டியும் சிவப்புக்குப் பிறகுதான்.

மாமாவுக்கு, அதாவது இவருடைய அப்பாவுக்கு, எழுந்து நடக்க முடியாது. போன வெள்ளத்தில் அவரைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி, தலையைத் தாங்கிப் பிடித்தபடி விடியும்வரை நின்றவள் நான். இவர் அன்று வெளியூரில்.

ஜூன் 9
அதிகாரிகள் வீடு வீடாகப் பார்க்க வருகிறார்களாம். சங்கத்தின் உத்தரவு: சுவரில் கறை தெரியக் கூடாது, வெள்ளை அடி. பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அடியில் இருக்கும் செங்கற்களை எடு. வெள்ளமே வராத தெருவில் செங்கல் எதற்கு?

எதிர்வீட்டு டீச்சர் (அவருடைய அம்மாவும் படுத்த படுக்கைதான்) கையில் பிரஷ்ஷோடு கேட்டார்: “நாம வெள்ளை அடிச்சா ஆத்துக்கு வழி மறந்துடுமா?”

ஜூன் 11
வந்தது ஒரு பெண் அதிகாரி. “போன வெள்ளம் வாசப்படியைக்கூட நனைக்கல மேடம்” என்றார் இவர். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் — குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்!

அவர் போனதும் மாமா கூப்பிட்டார். “ஏம்மா, அப்போ நான் மேசை மேல கெடந்தது கனவா?”

ஜூன் 20
மஞ்சளாக்க ஒத்துக்கொண்டார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பதாம் தேதிக்குள் சொல்லலாமாம். இவரைத் தோளில் தூக்காத குறைதான். நான் சங்கக் கூட்டத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

ஜூன் 27
காலையிலிருந்து விடாத மழை. சங்கத் தலைவரின் கார் வாசலில் இல்லை. பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் நிற்கிறதாம். இவர் சத்தமில்லாமல் செங்கற்களை உள்ளே கொண்டுவந்து பீரோவுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “அப்பாவை உங்க அண்ணன் வீட்ல கொஞ்ச நாள் விட்டு வைக்கலாமா?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெள்ளமே வராத மஞ்சள் தெருவுல இருந்து எதுக்கு அனுப்பணும்? மாமாவுக்கு எங்க அண்ணன் வீடு இருக்கு. டீச்சரோட அம்மா எங்க போவாங்க?”

“மாடி கட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னுதான்…”

“மாடி முளைக்கிற வரைக்கும் ஆறு பொறுத்துக்குமா?”

கையிலிருந்த செங்கல் தூசியைத் தட்டிக்கொண்டே நின்றார். பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

ஜூன் 28
மாமாவை அண்ணன் வீட்டில் விட்டாயிற்று. திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே இவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 30
ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கையெழுத்து கோணலாக விழுந்தது.

ஜூலை 18
முடிவான வரைபடம் வந்துவிட்டது. சிவப்பு.

சாயங்காலம் தலைவர் நாலு பேரோடு வாசலில் வந்து நின்றார். “எவன்யா போட்டுக் கொடுத்தது?” என்று கத்தினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“நான்தான்.”

பதவி அங்கேயே போயிற்று. தெருவில் இனி யாரும் எங்களோடு பேசப்போவதில்லை. இவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாமா?” என்று கேட்டார்.