முப்பத்தொண்டுக்குக் கீறின படம்

உடுவில்

அன்பு மகன் மயூரதனுக்கு, அம்மா எழுதிறது. நானும் அப்பாவும் எழும்பி நடந்து திரியிறம், அதுக்குக் குறை சொல்ல ஏலாது, உன்ரை சுகம்தான் எனக்குத் தெரியவேணும், அதுவும் ஒளிக்காமல். போன கிழமை நீ இருமின இருமல் இஞ்சை குசினி வரைக்கும் கேட்டது. கமராவை நிப்பாட்டிப்போட்டுக் கதைச்சா அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது எண்டு நினைச்சியோ? நோர்வேக் குளிருக்கு எல்லாருக்கும் வாறதுதான் எண்டு சாட்டுச் சொல்லாதை, டொக்டரிட்டைப் போனனி எண்டா அவர் என்ன சொன்னவர் எண்டு எழுது. உனக்கு உதெல்லாம் அம்மான்ரை அரியண்டம். இந்தமுறை எனக்குப் பயப்பிடக் காரணம் இருக்கு ராசா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலை சொல்லத் தொடங்கினா அப்பா குறுக்கை விழுந்து தன்ரை கதையை விடுவார், நீ சிரிப்பாய், நான் கோவத்திலை போனை வைச்சிடுவன்.

நீ அனுப்பின போட்டோவைப் பாத்து உன்ரை முகத்தைப் பெரிசாக் கீறத் தொடங்கினனான் எண்டு சொன்னனானெல்லே, அதை நிப்பாட்டிப்போட்டன். மூக்கு, வாய், தாடி எல்லாம் முடிஞ்சுது, கண் மட்டும் மிச்சமாக் கிடந்தது. கண்ணை வைக்கப் பயமாப் போச்சு. என்ரை கையிலை ஏதோ பிழை இருக்கு, இந்தக் கையாலை உன்னைக் கீறி உனக்கு ஏதும் வந்திடுமோ எண்டு ஒரு நினைப்பு மனதுக்குள்ளை ஏறிக் குந்திக்கொண்டு இறங்க மாட்டன் எண்டு நிண்டுது. அப்பா விசர்க்கதை எண்டார். அவருக்கென்ன, அவர் வெத்திலையைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பாப்பார்.

நீ அந்தப் பேஸ்புக் பக்கத்தைத் திறந்து விட்ட நாள் தொட்டு எனக்கு ஓடருக்கு மேலை ஓடர். பொழுது போகக் கீறிக்கொண்டிருந்த மனிசியைக் கடைக்காரி ஆக்கிப்போட்டாய். சாமத்தியவீட்டு மேடைக்கு மயில், கலியாணப் பொம்பிளை மாப்பிளை, உதுகள் இடைக்கிடை வரும், மற்றதெல்லாம் செத்த ஆக்கள்தான். முப்பத்தோராம் நாள் சனம் சேருற நேரம் சுவரிலை படம் இருக்கவேணுமெல்லே, அதுக்கு வெளியிலை இருக்கிற பிள்ளையள் போட்டோவை அனுப்புவினம், நான் கீறிச் செத்தவீட்டுக்குக் குடுத்து விடுவன். ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழை மலர்வு எண்டு பிறந்த திகதி, உதிர்வு எண்டு செத்த திகதி. எல்லாருக்கும் அவசரம். எனக்கெண்டு நான் செய்யிறது அந்தச் செம்மண் விளையாட்டு ஒண்டுதான். சுன்னாகத்து வெங்காயத் தோட்டத்து மண்ணை அரிச்சு, அப்பான்ரை பழைய வேட்டியாலை வடிச்சு, வேப்பம் பிசினிலை குழைச்சா வாற நிறம் கடையிலை ஒரு போத்திலுக்குள்ளையும் இல்லை. மிக்சியிலை மண் அரைச்சதுக்கு அப்பா ரெண்டு நாள் சட்னி சாப்பிடேல்லை. உன்னை அந்த மண்ணிலைதான் கீறினனான், அது ஒருத்தரும் கேக்காத படம், என்ரை ஆசைக்கு.

அதுக்கிடையிலைதான் லண்டனிலை இருந்து ஜெயந்திரன் எண்டு ஒரு பிள்ளை, தாயின்ரை படத்தை அனுப்பி, அம்மாவைப் பெரிசாக் கீறித் தாங்கோ அன்ரி, 31க்கு வேணும், நெல்லியடி வீட்டை குடுத்து விடுங்கோ எண்டு எழுதினது. தாய் மனோன்மணி. வெள்ளைச் சீலை, திருநீறு, கையை மடியிலை வைச்சபடி ஒரு பார்வை. நீயே சொல்லு, எங்கடை சனம் 31க்கு வேணும் எண்டா நான் என்னெண்டு விளங்கிறது? பிறந்த வருஷம் என்ன எண்டு கேட்டன், 45 எண்டு போட்டது. செத்த திகதியைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. தாயைப் பறிகுடுத்த பிள்ளையிட்டை அதையும் கேட்டு நோகப்பண்ணுவானேன் எண்டு, மலர்வு 1945 எண்டு எழுதி, உதிர்வு எண்டு எழுதி, பக்கத்திலை வடிவா இடம் விட்டன். அவையள் நிரப்பட்டும் எண்டு.

அப்பாதான் பக்கத்து வீட்டு ஜெரோசன்ரை ஓட்டோவிலை கொண்டுபோய்க் குடுத்தவர். போன இடத்திலை பந்தல், கதிரை, கிடாரத்திலை சமையல், அவருக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கவலைப்படாதேங்கோ, எல்லாருக்கும் உள்ளதுதான் எண்டு விறாந்தையிலை இருந்த வயது போன மனிசிக்கு ஆறுதல் சொல்லிப்போட்டு வந்தவராம். முப்பத்தொண்டுக்குப் போனா முழுகத் தேவையில்லை எண்டாலும் கிணத்தடியிலை முழுகிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தார். மத்தியானம் போன் வந்தது. அன்ரி, அம்மா உயிரோடை இருக்கிறா எண்டான் அந்தப் பிள்ளை. ஐயோ ராசா, எனக்குக் காலும் ஓடேல்லை, கையும் ஓடேல்லை. அண்டைக்கு 31ஆம் திகதி, அவவின்ரை எண்பதாவது பிறந்தநாள். கேக் வெட்ட முதல் பேரப்பிள்ளையள் வீடியோவிலை பாத்துக்கொண்டிருக்க, சனத்துக்கு நடுவிலை அவவே படத்தைச் சுத்தின கடுதாசியைப் பிரிச்சிருக்கிறா. அப்பா ஆறுதல் சொன்னதும் அவவுக்குத்தான்!

பிள்ளை ஏசேல்லை, ஏசியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். அண்டு பின்னேரம் அவ சாப்பிடாமல் படுத்தவவாம், பேந்து காய்ச்சல், பேந்து பிரஷர் எண்டு ஆஸ்பத்திரியிலை வைச்சிட்டினம். அதே கிழமைதான் நீ இருமத் தொடங்கினது. என்ரை நெஞ்சு பட்ட பாட்டை என்னெண்டு சொல்ல? அந்த மனிசிக்கு ஒண்டு நடந்தா இடம் விட்டு வைச்சவள் நான்தானே. கொழும்புத்துறையிலை இருந்து வந்த ஓடரையும் திருப்பி அனுப்பிப்போட்டன், தூரிகையைக் கழுவி மேலை வைச்சிட்டன். மருதனாமடத்து ஆஞ்சநேயருக்கு அவவின்ரை பேரிலை ஒரு வடைமாலை, உன்ரை பேரிலை ஒண்டு எண்டு நேந்துபோட்டு, உன்ரை படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சன். திருப்பி வைச்சாலும் அது அங்கை நிக்குது எண்டு தெரியுமெல்லே.

நேற்று அவ வீட்டை வந்திட்டாவாம், என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவவாம். நல்லா ஏச்சு வாங்கத்தான் போறன் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். அப்பா ஓட்டோவை விட்டு இறங்கேல்லை, அவருக்கு வெக்கம். அவ கதிரையிலை இருக்கிறா, என்ரை படம் குத்துவிளக்கோடை எதிரிலை சாத்தி வைச்சுக் கிடக்கு. நான் அழத் தொடங்க, உதை விடு, விளக்குக்கு என்ன குறை, நல்ல விளக்குத்தான், உந்த மனிசி ஆர் எண்டு கேட்டா. இந்த மனோன்மணி ஒருநாளும் வாயை மூடிக்கொண்டு உப்பிடிச் சாந்தமா இருந்ததில்லை, ஊரிலை ஆரையும் கேட்டுப்பார், இப்பவே இதிலை குந்திக் கீறு எண்டு ஒரு சத்தம். கையிலை இருந்தது பென்சிலும் கொப்பியிலை கிழிச்ச ஒற்றையும்தான். கீறுற நேரம் முழுக்க மருமகளைப் பேசினா, ஆஸ்பத்திரிச் சோத்தைப் பேசினா, வாய்க்குள்ளை பனங்கட்டி, ஒரு கணம் ஆடாமல் இருந்தாத்தானே. எனக்கு எரிச்சல் வந்து, கொஞ்சம் பேசாமல் இருங்கோ எண்டு நானும் சத்தம் போட்டன். ஆனா பார் தம்பி, அந்த ஒற்றையிலை அவ வந்திட்டா, அதே துடுக்கோடை. பாத்திட்டு, இது நான் எண்டா. மற்றதைச் சீலையிலை சுத்தி அலுமாரிக்குள்ளை வை, ஒருநாளைக்குத் தேவைதானே, இடமும் விட்டுக் கிடக்கு எண்டு மருமகளிட்டைக் குடுத்தா.

வீட்டை வந்து உன்ரை படத்தைத் திருப்பிப் பாத்தன். அதே முகம், மயூரதன். நான் இவ்வளவு காலமும் செத்த ஆக்களுக்குப் போடுற அந்த அமைதி, வீட்டுக்காரர் விரும்புற அந்த முகம், அதை உனக்கும் போட்டு வைச்சிருக்கிறன். நீ எப்ப உப்பிடி இருந்தனி? தொட்டியடிக்குக் கொண்டுபோய்த் தண்ணியை வாத்துக் கழுவிப்போட்டன். பிசின் கரைஞ்சு மண் மண்ணாப் போச்சுது. அப்பா என்னடி செய்யிறாய் எண்டு ஓடி வந்தார், பேந்து தானும் வாளியைப் பிடிச்சார்.

டொக்டர் குளிசை தந்திருந்தா அதை முழுக்க முடி, சுகம் எண்டோடனை பாதியிலை விடாதை. உப்புத் தண்ணியிலை கொப்பளி. கழுத்தைச் சுத்திக் கட்டாமல் வேலைக்குப் போகாதை. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைச்சிருக்க வேணும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னவர்.

உன்னைக் கீற ஆசை இன்னும் இருக்கு. போட்டோவை மட்டும் அனுப்பாதை. போட்டோ பாத்து நான் கீறுறது இனிச் செத்த ஆக்களை மட்டுந்தான். நீ போய் ஆறு வருஷம், லீவு கிடைக்கேல்லை எண்ட கதையை விட்டிட்டு வந்து எனக்கு முன்னாலை ஒரு கதிரையிலை இரு. இருமினாலும் பரவாயில்லை.

உன்னைப் பெத்த,
அம்மா உதயகலா