முகம் பார்த்துப் போட்ட கணக்கு

ஏப்ரல் 22

சளி. தொண்டையில் முள் குத்துகிறது. பொடிசுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று முகக்கவசம் போட்டுக்கொண்டு பாடம் எடுத்தேன். வகுத்தல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்று என்னவோ பத்துக்கு ஏழு தப்பு.

“என்னடி, விளையாடுறியா?”

“இல்லம்மா, நெஜமாவே தெரியல.” கண் கலங்கிவிட்டது. கத்தியிருக்க வேண்டாம்.

அடுத்த மாதக் கடைசியில் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தேர்வு. தேறினால் ஐந்தாம் வகுப்பு. இல்லையென்றால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் நான்காம் வகுப்பு. அவர் லிஃப்ட் மாட்டுகிற வேலைக்காக ஒரே வருஷத்தில் ஊருக்குள்ளேயே மூன்று வீடு மாறினோம். அதனால்தான் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு நானே வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் நான்காம் வகுப்பிலேயே நின்றால் அது என் தலையில்தான் விடியும்.

ஏப்ரல் 23

இன்றும் அதே கூத்து. நடுவில் டீ குடிக்கக் கவசத்தைக் கழற்றினேன். அதற்கப்புறம் போட்ட கணக்கெல்லாம் சரி!

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். “அவ எங்க கணக்கைப் பாக்குறா? உன் வாயைப் பாக்குறா. தப்பா எழுதினா உதட்டைச் சுழிக்கிற. சரியா எழுதினா பல்லு தெரியுது. எனக்கே தெரியுமே, இத்தனை வருஷமா அதை வெச்சுத்தானே பொழைக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 24

சோதித்துப் பார்த்தேன். சோதிக்காமலே இருந்திருக்கலாம்.

138-ஐ ஆறால் வகுக்கச் சொன்னேன். 23 என்று எழுதினாள். சரிதான். நான் வேண்டுமென்றே உதட்டைச் சுழித்தேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. உடனே ரப்பரை எடுத்து 23-ஐ அழித்தாள். 28 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் நிம்மதியாகச் சிரித்தாள்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க என்று என்னையே திட்டிக்கொண்டேன். எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு வாத்தியார் — வருஷம் முழுக்க அவள் படித்தது என் மூஞ்சியைத்தானா? தேர்வு அறைக்குள் என் மூஞ்சியைக் கொண்டுபோக முடியுமா?

ஏப்ரல் 25

நாத்தனார் போனில்: “அப்பவே சொன்னேன், பள்ளிக்கூடத்துலயே சேர்த்திருக்கலாம்ல?” சரி அண்ணி, சரி அண்ணி என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28

மீதி இருந்த பாடங்களில் பாதியைத் தள்ளி வைத்துவிட்டேன். நிலப்படம் வேண்டாம். செடியின் பாகங்கள் வேண்டாம், அது எங்கேயும் ஓடிப்போகாது. இருக்கிற நாளில் ஒரே பாடம்தான்: என்னைப் பார்க்காமல் கணக்குப் போடுவது.

முதலில் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் குனிந்து கீழ்வழியாக எட்டிப் பார்த்து, “அம்மா, உன் கால் ஆடுது, தப்புதானே?” என்றாள். காலுமா!

மே 2

இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு பாடம். நான் சமையல் மேடையில் பீன்ஸ் நறுக்குகிறேன், அவள் பின்னால் மேசையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுகிறாள். நாலு நாளாக எல்லாம் சரி. மனசு குளிர்ந்தது.

மே 3

குளிர்ந்தது வீண். இன்று அவளே சொல்லிவிட்டாள், கள்ளி. “தப்பா சொன்னா கத்தி நின்னுடும்மா. சரியா சொன்னா டக்கு டக்குன்னு வெட்டுவ.”

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தனை பீன்ஸையும் யார் சாப்பிடுவது என்று அவர் கேட்டார்.

மே 8

பொடிசு அப்பாவிடம் கேட்டாள்: “லிஃப்ட் சரியா ஆயிடுச்சுன்னு உனக்கு யாருப்பா சொல்வாங்க?”

“யாரு சொல்வா? நான்தான் முதல்ல ஏறிப் பாப்பேன்.”

“விழுந்துட்டா?”

“விழாத மாதிரி மாட்டிட்டுத்தான் ஏறுவேன். ஆனாலும் ஏறிப் பாக்காம ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்.”

அவள் நோட்டுக்குத் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் அது மனசில் ஒட்டிக்கொண்டது. வகுத்து வந்த விடையைத் திரும்பப் பெருக்கிப் பார் என்று நான் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. ஆனால் நான் எதிரே இருக்கும்போது அவள் எதற்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும்?

மே 9

புது ஏற்பாடு. கணக்கைக் கொடுத்துவிட்டு நான் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போய்விடுவேன். ஒவ்வொரு விடையையும் அவளே பெருக்கி ‘ஏறிப் பார்க்க’ வேண்டும். நான் விடைகளைத் திருத்துவதே இல்லை. “ஏறிப் பாத்தியா?” என்று மட்டும் கேட்பேன்.

முதல் நாள் மாடிப்படி வரைக்கும் வந்து, “அம்மா, சரியா?” என்று கெஞ்சினாள். சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் துணியை உதறிக் காயப்போட்டேன்.

மே 13

துணி இல்லை. இருந்தாலும் மாடிக்குப் போனேன்.

மே 19

கீழே வந்தபோது 91-ஐ ஏழால் வகுத்து 12 என்று எழுதி, பெருக்கிப் பார்த்து, “அட, விழுந்துடுச்சு!” என்று தானே அழித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவே இல்லை. சந்தோஷம்தான். கூடவே ஏதோ ஒன்றைப் பறிகொடுத்த மாதிரியும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மே 29

தேர்வு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். சிலது சிரித்துக்கொண்டு, சிலது அழுதுகொண்டு. இவள் முகத்தை வாசலிலேயே பிடித்து மேலும் கீழும் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

“எப்படிடி?”

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுச் சொன்னாள்: “ஒண்ணு தப்பு. ஏறிப் பாத்தேன், விழுந்துச்சு. திரும்பப் போட நேரம் இல்ல. மத்ததெல்லாம் சரி.”

“டீச்சர் சொன்னாங்களா?”

“அவங்க எதுக்குச் சொல்லணும்?”

ஜூன் 5

ஐந்தாம் வகுப்பு! டீச்சர் சொன்னாங்க, ஒரே ஒரு கணக்குத்தான் தப்பாம். நாத்தனாருக்கு நானே போன் போட்டேன்.

ஜூன் 16

இன்று அவளுக்கு முதல் நாள். காலை ஒன்பது மணிக்கே வீடு ஓய்ந்துவிட்டது.

மருந்துக்கடைக்கார அம்மா கூப்பிட்டார்கள், திரும்ப வரியா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் பொடிசு சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு கோணுகிறதா, புருவம் சுருங்குகிறதா…

தலையைத் தூக்காமலே சொன்னாள்: “என் மூஞ்சியில என்னம்மா இருக்கு? போய் ஏறிப் பாரு.”