முறிந்த கண்ணி இட்ட முத்திரை

நலம் பொலிக. வெண்ணாற்றின் இருகரையும் ஒருகுடைக்கீழ் ஆளும் நெடுமுடிக் குன்றவர்மப் பெருவேந்தர் திருமுன்பு, அரசப் பட்டறையைச் சார்ந்த ஆய்வுச்சாலையின் தலைவி ஆதிமங்கை தாழ்ந்து வணங்கி விடுக்கும் ஓலை. கோட்டையும் குடிகளும், வேந்தர்தம் கண்மணியாகிய இளவரசியாரும் நீடு வாழ்க. அவ்வாழ்வுக்காகவே இவள் எழுதுகிறாள்.

பட்டறை பொருள் செய்கிறது, ஆய்வுச்சாலையோ செய்த பொருளை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பட்டறைத் தலைவர் வேழவனார் அவையில் உரைத்தார். வேந்தரும் அதற்கு இசைந்து, சாலையைப் பூட்டுவித்து, இலச்சினையைப் பறித்து, அங்கிருந்தோரைத் துருத்தி ஊத அனுப்பினார். பட்டறை இன்றைக்கு வேண்டியதைச் செய்யும், நாளைக்கு வேண்டியதைத் தேடவும் இன்று செய்ததை ஐயுறவும் ஒரு சாலை வேண்டும் என்று ஆதிமங்கை மன்றாடினாள். வெண்ணாற்றின் குறுக்கே எழுவதும் இன்று நாடே மெச்சுவதுமான சங்கிலிப் பாலமும், வெட்டிவேலை என்று முன்பு எல்லோரும் நகைத்த ஆய்வில் பிறந்ததுதான் என்றாள். எதுவும் எடுபடவில்லை.

வார்த்த சங்கிலிக் கண்ணிகளுள் ஒன்றை ஆய்வுச்சாலையில் உடைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றைக் கோப்பது இந்நாட்டு வழக்கம். உடைத்துப் பார்க்க ஆளில்லை, திறப்பு விழாவோ நெருங்கிவிட்டது. சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டிய கண்ணிகளைப் பட்டறையார் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டனர். துருத்தியடியில் நின்ற ஆதிமங்கை அந்தச் சீறலைக் கேட்டாள். எஞ்சிக் கிடந்த கண்ணி ஒன்றைச் சம்மட்டியால் தட்டினாள். ஓங்கி அடிக்கக்கூட இல்லை, மண்சட்டி போல இரண்டாயிற்று. வேழவனாரோ, திருநாள் வேளையில் அபசகுனம் பேசலாகாது என்று கடிந்துவிட்டுப் பந்தல் பார்க்கப் போனார். பாலமோ அந்தக் கண்ணிகளில்தான் தொங்குகிறது.

நாளைக் காலை இளவரசியாரின் பல்லக்கு முதலில் ஏறும். பின்னால் ஊரே ஏறும். கீழே வெண்ணாறு கரைபுரண்டு ஓடுகிறது. இவள் முன்னர் விடுத்த ஓலை, இலச்சினை இல்லை என்று அரண்மனை வாயிலிலேயே திருப்பப்பட்டது. இனி யாரிடம் போவாள்? சாலையைத் திறக்கும்படி கேட்கவில்லை, பதவியும் கேட்கவில்லை. மணல்மூட்டைகளை ஏற்றிப் பார்க்கும்வரை பாலத்தில் ஒருவரும் கால்வைக்கலாகாது. பாலம் தாங்கிவிட்டால் இவள் தலையைக் கொள்க.

பறிக்கப்பட்ட இலச்சினைக்கு ஈடாக, முறிந்த கண்ணியின் ஒரு பாதியை, அதன் உடைவாய் பதியும்படி அரக்கில் அழுத்தியிருக்கிறாள். மற்றப் பாதி இவ்வோலையோடு வருகிறது. வேந்தர் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இதுவும் திருப்பப்படுமாயின், விடியும்போது ஆதிமங்கை பாலத்தின் வாயிலில் குறுக்கே படுத்திருப்பாள். பல்லக்குத் தூக்கிகள் அவளை மிதித்துத்தான் ஏற வேண்டும்.

வேந்தருக்கு ஆணையிடும் உரிமை இவளுக்கு இல்லை. ஆயினும் இடுகிறாள்: பல்லக்கை நிறுத்துக.