வடகரையில் குடை தாழட்டும்

மழை தவறாதிருக்க, மடை வற்றாதிருக்க, தொட்டிலும் தொழுவமும் நிறைந்திருக்க. ஆழிமாநகரில் வீற்றிருந்து வெண்குன்ற நாட்டைப் புரக்கும் கோப்பெருந்தேவி நிறைமதிச் செல்வியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகன் கண்டன் மாதேவன் எழுதியது. கன்னலாற்றின் வடகரையைக் காத்து நிற்பவரும், மூன்று போர் வென்றவரும், தேவியாருக்குப் பின்பிறந்தவருமாகிய தண்டநாயகர் வில்லவன் அதிரனார் காண்க. தங்கள் வேலும் வேழமும் வாழ்க; தங்கள் முழங்கால் வலி குறைக. பின்னதையும் மறவாமல் எழுது என்பது தேவியார் கட்டளை.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அரசே வேண்டாம், அரசின் பேர் சொல்பவன் எவனும் உயிரோடிருக்க வேண்டாம் என்று சூளுரைத்துத் திரியும் முடியறுப்போர் கூட்டத்தில் வடகரை இளைஞர் நாற்பத்து மூவர் சேர்ந்துவிட்டனர் என்றும், காவற்சாவடிகள் இரண்டு எரிந்தன என்றும், அந்த மண்ணின் குணமே அதுதான் என்றும், தை பிறக்குமுன் யானைப்படையோடு புகுந்து அவர்களை ஒளித்து வைத்திருக்கும் ஏழு ஊர்களையும் எரியூட்ட ஆணை வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தேவியார் இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தென்கரையிலிருந்து ஒருவன்கூட அக்கூட்டத்தில் சேரவில்லையே, ஆற்றின் நடுவிலா மண்ணின் குணம் மாறுகிறது என்று வினவினார். விடை காணத் தூதர் பூதன் எழினியாரை உப்பு வணிகர் கோலத்தில் இரு கரைக்கும் அனுப்பினார்.

எழினியார் இரண்டு மாதம் கழுதைகளோடு நடந்தார். பசிதான் காரணமென்றால், தென்கரையில் பசி ஒரு பிடி கூடுதல். காடுதான் காரணமென்றால், தென்கரைக் காட்டில் கழுதையே வழி தவறிற்று. இரு கரைக்கும் வரி ஒன்று, தெய்வம் ஒன்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆற்றைத் தாண்டித்தான் என்பதால் இரத்தமும் ஒன்று. கண்டது ஏதுமின்றி அரண்மனைக்கு எப்படித் திரும்புவது என்று அவர் ஒரு நாள் உப்பு மூட்டையின் மேலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகுதான் ஒரு செய்தி காதில் விழுந்தது. முடியறுப்போர் தலைவன் மாறங்காரி அயல்நாட்டான். அவன் முதலில் கால் வைத்தது தென்கரையில்தான். அங்கே மன்றத்தில் ஏறி நின்று தேவியாரை வாய் கொண்ட மட்டும் பழித்தான். கேட்டிருந்த உழவர்கள் கொட்டாவி விட்டு, இதையெல்லாம் போன தையிலேயே சொல்லித் தீர்த்தாச்சு, உன்னைக் காட்டிலும் நல்லாவே சொன்னோம், புதுசா ஏதும் இருந்தாச் சொல்லு என்றனராம். மூன்றாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு வடகரைக்கு வந்தான். வந்தவன் இம்முறை வாயே திறக்கவில்லை. நாற்பது நாள் வீடு வீடாக உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டான். அதன் பின்னரே அவன் சொல்லுக்குப் பிள்ளைகள் எழுந்து போயினர்.

குடை தாழ்த்தும் நாளைத் தாங்கள் அறியாதவரல்லர். தை ஐந்தாம் நாள் வெண்குடையை ஊர்மன்றுக்குக் கொண்டுவந்து மண்ணில் சாய்த்து வைப்பர். அரசின் அதிகாரி அதனருகே வெறுந்தரையில் அமர்வார். பொழுது சாயும்வரை யார் வேண்டுமானாலும் அரசை எந்தச் சொல்லாலும் ஏசலாம். அதிகாரி மறுமொழி கூறலாகாது. ஒவ்வொருவரும் ஏசி முடித்ததும் அவர் சொல்லக்கூடியது 'கேட்டேன்' என்னும் ஒரு சொல் மட்டுமே. பிறகு ஏசியவரும் கேட்டவரும் ஒரே பந்தியில் கூழ் குடித்துக் கலைவர். தென்கரையில் இந்நாள் ஓராண்டும் தவறியதில்லை. வடகரையில் ஆறாண்டுகளாக நிகழவில்லை என்பதைத் தேவியார் இப்போதுதான் அறிந்தார். நிறுத்தியவர் தாங்கள்.

ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் எழினியார் அறிந்து வந்தார். அவ்வாண்டு குடையருகே தாங்கள் அமர்ந்திருந்தபோது, நெசவுக்காரி பெருங்கோதை என்பவள் எழுந்து, பிள்ளை பெறாத அந்த மலடிக்கு என்று தொடங்கினாள். அவ்வளவில் தாங்கள் எழுந்தீர்கள். வாளை உருவினீர்கள். குடையை நிமிர்த்தி எடுத்துச் செல்லப் பணித்தீர்கள். அவள் சொல்ல நின்ற மீதியைத் தாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பின் எவரும் கேட்கவில்லை, மாறங்காரி வரும்வரை.

எழினியார் கேட்டு வந்த மீதி இது. பிள்ளை பெறாத அந்த மலடிக்கு எம் பிள்ளை வெள்ளத்தோட போன வலி என்னன்னு தெரியுமா, மடைக்கதவு இத்துப் போச்சுன்னு மூணு வருசமாச் சொல்றோமே, ஒரு தச்சனை அனுப்ப நாதியில்லையா என்பது. அந்தக் கதவு இன்றும் அப்படியே இருக்கிறது. பெருங்கோதைக்கு எஞ்சிய மக்கள் இருவரும் தாங்கள் எண்ணிய நாற்பத்து மூவரில் உளர்.

மலடி என்ற சொல்லில் தேவியாரின் முகம் வாடிற்று. மறைப்பானேன், அடியேனின் எழுத்தாணியும் நின்றது. ஆனால் அவர் அழுதது வெள்ளத்தில் போன குழந்தைக்காக. பிறகு தங்களை நினைத்துச் சிரித்தார். பாகன் மகன் தம்மை மாறுகண்ணி என்றதற்காகத் தாங்கள் ஏழு வயதில் அவன் காதைக் கடித்து வைத்ததைச் சபையறியச் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் இன்றுவரை என் தம்பிக்குக் கோபம் வருவதெல்லாம் எனக்காகத்தான், இப்படி ஒருவன் உடன்பிறக்க நான் என்ன தவம் செய்தேனோ என்றார். அவன் அன்புதான் வடகரையின் வாயைக் கட்டிற்று, அதை அவனுக்கு நோகாமல் எழுது என்றும் சொன்னார். அடியேனுக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்கிறேன்.

இனி ஆணை. யானைப்படை ஓரடியும் நகரலாகாது. இரும்புப் பூண் கட்டிய புது மடைக்கதவோடு தச்சர் பன்னிருவர் இவ்வோலைக்குப் பின்னாலேயே வருகின்றனர். அவர்களுக்குக் காவலும் கஞ்சியும் தங்கள் பொறுப்பு. ஆயுதமின்றி மன்றுக்கு வரும் இளைஞர் எவரையும் தொடலாகாது. எரிந்த சாவடிகளை எரித்தவரே கட்டித் தருவர்.

தை ஐந்தாம் நாள் வடகரையில் குடை தாழும். அதனருகே வெறுந்தரையில் அமரப்போவது அதிகாரியல்லர், தேவியாரே. அவர் பக்கத்தில் வாளின்றித் தாங்கள் அமர்க. பெருங்கோதையை அழைத்து, விட்ட இடத்திலிருந்தே, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கச் சொல்லுக. அவள் முடிக்கும்வரை, முழங்கால் வலித்தாலும், தாங்கள் எழலாகாது.

கார்த்திகை இருபதாம் நாள், அறிய எழுதப்பெற்றது. வெண்குடை இலச்சினையை நிமிர்த்திப் பதிப்பதே மரபு. இவ்வோலையில் தேவியார் தம் கையாலேயே சாய்த்துப் பதித்தார். மறுஓலை நீளமாக வேண்டாமென்றார். 'கேட்டேன்' என்று தங்கள் கைப்பட எழுதினால் போதும்.