இரண்டாவது கையெழுத்து

என்னங்க,

நீங்கள் கோபித்துக்கொண்டு போளூரில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. போனையும் எடுப்பதில்லை; அதனால் எழுதுகிறேன்.

வரும் திங்கட்கிழமை நான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் சேர்ந்தாக வேண்டும். நம் செண்பகனூர் வாடகை வீட்டுக்கு இன்னும் ஆறு மாத அக்ரிமெண்ட் இருந்தும், காலி செய்வதாக நேற்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன்.

“அக்ரிமெண்ட்ல ரெண்டு பேரு கையெழுத்தும் கெடக்குல்ல தாயி. ரெண்டு பேரும் சேந்துதான போறீங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டைக் காலி செய்யும் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் வண்டி வரும். உங்கள் துணிகளை மட்டும் இன்னும் கட்டவில்லை.

தாளை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள் மனைவி