மூடி வைத்த சோளச் சோறு

ஹலீமா அப்பாவுக்கு,

ஜெம்பருக்கு, என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அடுப்படியில் மக்காச்சோளச் சோறு இருக்கிறது. பக்கத்து வீட்டு சுலாமிக்கு வாத்துத் தீவனமாக நீங்கள் விற்ற, பூசணம் பூத்த அதே சோளத்தில் ஆக்கியது. உங்கள் காட்டுமஞ்சள் பொடியும் பக்கத்திலேயே இருக்கிறது. "ஒரு கரண்டி கலந்து போடு சுலாமி, எந்த விஷமும் வாத்த ஒண்ணும் பண்ணாது, நான் பொறுப்பு" என்றீர்களே, அப்படியே கலந்து சாப்பிடுங்கள்.

நல்ல தீவனத்தோடு சேர்த்தால் ஈரலுக்குத் தெம்பு தரும் பொடி அது. நீங்கள் பூசணத்தை மூடி மறைக்க விற்றீர்கள். அவள் வாத்துகளில் பாதி செத்துவிட்டன. "காத்து பட்டிருக்கும்" என்று அவளிடம் கூசாமல் சொன்னீர்கள். மிச்சமிருப்பவை இன்னும் அதைத்தான் தின்கின்றன.

மதியத் தொழுகை முடிந்ததும் சுலாமி வருவாள். நீங்கள் சாப்பிடுவதைப் பார்க்க நான்தான் கூப்பிட்டேன். சம்பல் அரைத்து வைத்திருக்கிறேன், உங்களுக்குப் பிடித்த காரத்தில்.

நம் வாத்துகளுக்குக் கொட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டு போகிறேன்.

இன்னொன்று. சாப்பிட முடியாவிட்டால் தட்டைத் தள்ளி வையுங்கள், ஆனால் அவள் கண்ணெதிரே. ஓடிப்போய்த் தீவனத்தை மாற்ற அவளுக்கு அது போதும்.