மோட்டார் ஏறாத அம்மா

8 ஜூன் 1999, செவ்வாய்

உளவியல் அறிமுகம். இந்தப் பருவத்தில் என் தலையில் விழுந்த பாடம் இதுதான். விரிவுரையாளர் கோலாலம்பூரில் இருக்கிறார், முகம்கூடத் தெரியாது. பாடக் குறிப்புகள் இண்டர்நெட்டில் வரும். படித்துவிட்டு வாரம் ஒரு கருத்து எழுத வேண்டும். மற்ற மாணவர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள். மலாக்காவில் எங்கள் காலேஜுக்கே இது புதிது. கணினி அறையில் எப்போது போனாலும் வரிசை நிற்கிறது. அதனால் மெர்லிமாவில் ஹமீது அண்ணன் கடையே கதி. முன்னால் போட்டோஸ்டாட், பேனா, பென்சில்; பின்னால் இரண்டு கணினிகள். நாங்கள் இருக்கும் தோட்டத்திலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வருகிறேன்.

முதல் நாளே அமர்க்களம். பெரிய மேதை மாதிரி ஒரு பக்கம் தட்டி முடித்தேன். அனுப்பப் போகும் நேரம் பார்த்து, கடையை ஒட்டிய வீட்டுக்குள் அவர் மனைவி பஷீரா அண்ணி அதே லைனில் ஃபோனை எடுத்துவிட்டார். லைன் அறுந்தது. எழுதியதெல்லாம் போச்சு!

"அவகிட்ட என்னால சொல்ல முடியாதுலா. வேணும்னா நீ போய் சொல்லிப் பாரு" என்றார் ஹமீது அண்ணன். நானும் போகவில்லை.

17 ஜூன், வியாழன்

தாரணி அக்காவுக்குப் பெண் குழந்தை! ரெண்டாவது பிரசவம் என்பதால் சுங்கை ரம்பாயில் மாமியார் வீட்டோடு இருந்துவிட்டாள். அம்மா சாமிப் படத்துக்குச் சூடம் ஏற்றிவிட்டு அழுதார். "பாக்கணும்டி பவானி, கையில தூக்கணும்."

எப்படித் தூக்குவார்? அக்கா வீடு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே. பஸ் டவுனோடு நின்றுவிடும். அதற்கப்புறம் செம்மண் பாதை, மோட்டார் இல்லாமல் ஆகாது. அம்மாவோ மோட்டாரில் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. மெர்லிமாவில் காய்கறி வாங்கும் பாசார் முன்னால் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது முந்தானை சக்கரத்தில் மாட்டி ஆளையே இழுத்துப் போட்டுவிட்டது. தோள் எலும்பு முறிந்தது. எனக்கு அன்று பள்ளிக்கூடப் பரீட்சை, நான் கூட இல்லை. எலும்பு கூடிவிட்டது. அம்மா மட்டும் திரும்ப ஏறவே இல்லை.

முப்பதாம் நாள் விசேஷத்தை ஞாயிறு பார்த்து அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு நல்லமுத்து மாமாவின் காரைக் கேட்கலாம் என்கிறார் அப்பா.

27 ஜூன், ஞாயிறு

இந்த வாரப் பாடம்: பயம். பயத்தைப் படிப்படியாகப் பழக்கிப் போக்கலாமாம். முதலில் லேசானது, அது பழகியதும் அடுத்தது. பயப்படும் பொருளோடு பிடித்த ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் மனம் மெல்ல மெல்ல இளகுமாம். இறுதி வேலையும் அதுதான் — யாராவது ஒருவரின் பழக்கம் ஒன்றைப் படிப்படியாக மாற்றி, நடந்ததை எழுத வேண்டும்.

வேறு ஆள் எதற்கு? வீட்டிலேயே இருக்கிறாரே.

2 ஜூலை, வெள்ளி

முதல் படி: மோட்டார் சத்தம். அம்மா தோட்டத்து வேலை முடிந்து வந்ததும், அவருக்குப் பிடித்த வாழைப்பழ பஜ்ஜி, பிசாங் கோரெங், வாங்கிக் கொடுத்தேன். அவர் வாயில் வைத்த நேரம், சமையல்கட்டு வாசலில் மோட்டாரை ஸ்டார்ட் செய்தேன்.

"என்னா கூத்துடி இது? பொகையா வருது. ஆஃப் பண்ணு, திங்க முடியல!"

நான் எழுதி வைத்தது: அமைதியாகச் சாப்பிட்டார். (முழுப் பொய்யில்லை. ஆஃப் பண்ணிய பிறகு அமைதியாகத்தான் சாப்பிட்டார்.)

4 ஜூலை, ஞாயிறு

கார் கிடைக்காது. பதினெட்டாம் தேதி நல்லமுத்து மாமா கார் ஜோகூருக்குப் போகிறது, கல்யாணம். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மா, சும்மா ஒக்காந்து பாருங்க, ஓட்ட மாட்டேன்" என்று கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். நிறுத்தி வைத்த வண்டி! பூனைக்குட்டிகூட அதன் மேல் ஏறித் தூங்குகிறது!

கையை வெடுக்கென்று உதறினார். "என்னைய என்னா பைத்தியம்னு நெனச்சியா? படிக்கிற திமிரா?"

சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் என்ன தப்பு செய்தேன்? நல்லதுக்குத்தானே?

5 ஜூலை, திங்கள்

பேர் போடாமல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். 'இரண்டாம் படியில் ஒத்துழைப்பு இல்லை' என்று கெத்தாக முடித்திருந்தேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. ஹாசிக் என்று கூடப் படிக்கிற ஒருவன், மலாக்காவிலேயே புக்கிட் பெருவாங்கில் இருக்கிறானாம். 'இந்த ஆளிடம் சம்மதம் கேட்டாயா? எதற்குப் பயம் என்று கேட்டாயா? இல்லை, அவரென்ன ஆய்வுக்கூடத்து எலியா?'

பத்திக்கொண்டு வந்தது. இவன் யார் என்னைக் கேட்க? நாலு வரி சூடாகத் தட்டினேன். பஷீரா அண்ணி ஃபோனை எடுத்தார். லைன் போச்சு.

அதுவும் நல்லதுக்குத்தான். நான் கேட்கவில்லைதானே.

9 ஜூலை, வெள்ளி

இன்று கேட்டேன். சாயங்காலம், அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். பாடத்தைப் பற்றி, பிசாங் கோரெங்கைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "அதான் அன்னிக்கு அவ்ளோ பாசமா?"

"எதுக்கும்மா பயம்? வேகமா? லோரியா?"

அம்மா ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப உதறினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"விழுந்த வலி ஆறிப்போச்சுடி. பாசார் நாளு. அத்தன பேரு நிக்கிறாங்க. சேலை பூரா சக்கரத்துல சுத்திக்கிச்சு. நடு ரோட்டுல நான் பாவாடையோட கெடக்குறேன். ஒங்கப்பா சேலைய அறுத்துக்கிட்டு இருக்காரு. ஒரு மலாய்க்காரம்மா கடையில தொங்குன சாரோங் கைலிய உருவிக்கிட்டு ஓடியாந்து மூடுனாங்க. அந்தக் கடைப் பக்கம் அப்புறம் நான் போவவே இல்ல."

இரண்டு வருஷமாக வீட்டில் எல்லோரும் தோளைப் பற்றித்தான் கேட்டோம். தோள் எப்படி, தோள் வலிக்கிறதா. ஐயோ, அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கொடியில் கிடந்த கால்சட்டையைத் தட்டிக் காட்டினார். வேலையில் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கப் போகும்போது அவர் போடுகிற அப்பாவின் பழைய கால்சட்டை. "இத மாட்டிக்கிட்டா எதுல வேணா ஏறுவேன். தெனம் டிராக்டர்ல போவலியா? ஆனா சம்மந்தி வீட்டு விசேஷத்துக்கு இதோட எப்படிப் போறது, சொல்லு?"

ஆமாம். தினமும் காலையில் அந்த டிராக்டர் பெட்டியில், குலைகளுக்கு நடுவில், குலுங்கிக் குலுங்கித்தான் போகிறார். ஒரு நாளும் பயந்ததில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. உளவியல் படிக்கிறேனாம்!

10 ஜூலை, சனி

அம்மாவே சொல்லிவிட்டார்: "கால்சட்டையோட வரேன். சேலைய பையில வச்சிக்கிறேன். அங்க போயி மாத்திக்கிறேன்." கொஞ்சம் கழித்து: "ஒன் பாடத்துக்கு எழுதணும்னா எழுதிக்க. எம் பேரு போடாத. பாவாடையும் போடாத."

18 ஜூலை, ஞாயிறு

அத்தான் காலையிலேயே தன் மோட்டாரில் வந்து அப்பாவையும் சீர்ச் சாமான்களையும் ஏற்றிப் போய்விட்டார். நானும் அம்மாவும் மோட்டாரில். கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட், மடியில் பட்டுச் சேலைப் பை. பாசார் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். முதலில் என் இடுப்பை அவர் பிடித்த பிடியில் மூச்சு முட்டியது. டவுனைத் தாண்டியதும் பிடி தளர்ந்தது. சுங்கை ரம்பாய் வருவதற்குள் காதில் கத்துகிறார்: "ஏன் இப்புடி ஊர்ற? சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான் பாரு!"

பின்வாசல் வழியாக நுழையலாம் என்று பார்த்தோம். அங்கேதான் சம்மந்தியம்மா நின்றிருந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னா சம்மந்தி, வேலைக்கா வந்தீங்க?" என்றார்.

"ஆமா, பேத்தியத் தூக்குற வேலைக்கு."

சேலை மாற்றுவதற்கு முன்பே தூக்கிவிட்டார்.

1 ஆகஸ்ட், ஞாயிறு

வேலையை அனுப்பிவிட்டேன். பயத்துக்குக் காரணம் ஆடை என்று மட்டும் எழுதினேன், அதற்கு மேல் விவரிக்கவில்லை. ஹாசிக்குக்கு நன்றி சொன்னேன். 'எலி நலமா?' என்கிறான். கொழுப்பு.

அம்மா அதன் பிறகு மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குக் கொடுமையாக இருக்கிறது.

22 ஆகஸ்ட், ஞாயிறு

கடைசிப் பரீட்சை. பத்து மணியிலிருந்து மதியம் வரை இண்டர்நெட்டில் திறந்திருக்கும். அண்ணி இன்று ஃபோனைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். குளித்து, சாமி கும்பிட்டு, வாசலுக்கு வந்தால் — மோட்டாரைக் காணோம். அப்பாவையும் காணோம், அம்மாவையும் காணோம்.

நல்லமுத்து மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "மெர்லிமாவ் பாசாருக்குப் போயிருக்காங்கலா. ஒங்கம்மா யாருக்கோ சாரோங் வாங்கிக் குடுக்கணுமாம்."

ஓடிப்போய்க் கொடியைப் பார்த்தேன். கால்சட்டை அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. சேலையில்தான் போயிருக்கிறார்.

பஸ் பிடித்துத்தான் போகவேண்டும். பரீட்சைக்குக் கொஞ்சம் தாமதமாகும். ஆகட்டும்.